அரை மில்லி எச்சு

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதித் தப்பு என்னுடையது. தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். வார நாட்களில் பள்ளிக்கூட வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜுக்கும் ஒரு ஜவுளிக் குடோனுக்கும் நடுவே ஒரு மொட்டை மாடி. அதில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நாலு மேஜை, எட்டு பியூரெட், முப்பது பிள்ளைகள், நான். நான் கத்தினால் கீழே டவுன் பஸ் கண்டக்டர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சும்மா சொல்கிறார். ஒரே ஒரு கண்டக்டர்தான் பார்த்தார், அதுவும் ஒரு தடவைதான்.

கத்தாமல் எப்படி இருப்பது? ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, சோதனைகள் செய்து இது என்ன உப்பு என்று கண்டுபிடி என்றால், முதலில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து உப்பின் பெயரை எழுதிக்கொள்வார்கள். பிறகு அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி அத்தனை சோதனைகளையும் நோட்டிலேயே செய்து முடிப்பார்கள். சோதனைக்குழாய் நனைந்தே இருக்காது. ஒருத்தன் 'அழுகிய முட்டை நாற்றம் வந்தது' என்று எழுதி வைத்திருந்தான். அவன் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் மகன்.

"அழுகுன முட்டை நாத்தம் உனக்குத் தெரியாதாடா? எங்கடா வந்துச்சு இங்க?" என்றேன்.

"தெரியாதுங்க டீச்சர். எங்க பண்ணையில முட்டை அழுகாதுங்க" என்றான். முகத்தில் துளி சிரிப்பில்லை.

வேதிச் சமநிலை நடத்தினேன். சமநிலை வந்தால் வினை நின்றுவிடும் என்று முப்பது பேரும் எழுதினார்கள். எல்லோரையும் மாடிச் சுவரோரம் ஓட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டைக் காட்டினேன். ஒரு பஸ் உள்ளே வருது, ஒரு பஸ் வெளியே போகுது, ஸ்டாண்டுல இருக்கற பஸ்ஸோட எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கு, ஆனா எதுவும் நிக்கலை, புரியுதா என்றேன். புரிந்தது என்றார்கள். அடுத்த பரீட்சையில் சமநிலைக்கு எடுத்துக்காட்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு என்று முப்பது பேரும் எழுதினார்கள். அதற்கடுத்த வரியில், அப்போது வினை நின்றுவிடும் என்றும் எழுதினார்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் ஒரு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார். வயது இருபத்தேழு, இரண்டு குழந்தைகள். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிற வீட்டு மருமகள். கூடவே மாமியாரும் வந்திருந்தார்.

"கெமிஸ்ட்ரி ஒண்ணுதானுங்க டீச்சர் போச்சு" என்றார் அந்தப் பெண். "எழுத்தும் போச்சு, பிராக்டிகலும் போச்சு. மறுக்கா எழுதறதுக்குள்ள கல்யாணத்தப் பண்ணிப்போட்டாங்க."

மில்லின் முன்பக்கம் அவர்களுடைய கட்டிடத்திலேயே ஒரு மருந்துக்கடை வாடகைக்கு இருக்கிறதாம். சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழ் யாருடையதோ, மருந்து எடுத்துக் கொடுப்பவர் யாரோ. ஒன்பது வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு ஒரே எண்ணமாகிவிட்டது. மருந்தாளுநர் படிப்பு படிக்க வேண்டும், தன் பெயர் போட்ட சான்றிதழை அந்தச் சுவரில் மாட்ட வேண்டும். அந்தப் படிப்பில் சேர பிளஸ் டூ கெமிஸ்ட்ரி தேறியே ஆக வேண்டும்.

மாமியார் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஒரே ஒரு தடவைதானுங்க. வர்ற மார்ச்சுல எழுதட்டும். பாசானா மருந்துப் படிப்புப் படிக்கட்டும், நானே அனுப்பறேன். போச்சுன்னா எண்ணெய்க்கடையில உக்காரட்டும். அதுக்கப்புறம் ஊட்டுல இந்தப் பேச்சே எடுக்கப்படாது. அவளும் சரின்னுபோட்டா."

மருமகள் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவருடைய கை மட்டும் நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். மருமகள் முதல் வரிசையில் உட்காருவார். மாமியார் வாசலில் ஒரு இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வகுப்பு முடிகிறவரை அசையமாட்டார். பிள்ளைகள் சலசலத்தால் ஒரு தடவை செருமுவார். நான் தொண்டை கிழியக் கத்தி வராத அமைதி அந்த ஒரு செருமலில் வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மருமகள் மரியாதையின் மறுபிறப்பு. மனிதர்களுக்கு மட்டுமல்ல, தனிமங்களுக்கும் மரியாதை. "சோடியமுங்க ஒரு எலக்ட்ரானைக் குடுத்துப்போடுதுங்க. குளோரினுங்க அத வாங்கிக்குதுங்க" என்று பாடம் ஒப்பிப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். மாமியார் செருமுவார். எனக்கு அந்த ஒப்பிப்பு பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அயனிப் பிணைப்பை இவ்வளவு பண்பாக யாரும் சொன்னதில்லை.

மோல் கணக்கு வந்தபோது வழக்கம்போல வகுப்பே செத்த மீன் மாதிரி விழித்தது. டஜன் என்றால் பன்னிரண்டு, நூறு என்றால் நூறு, அதுமாதிரி மோல் என்றால் ஒரு பெரிய எண்ணிக்கை, அவ்வளவுதான் என்றேன். மருமகள் எழுந்து நின்றார்.

"டீச்சருங்க, மோலுக்கு லாபக்காய் எத்தனைங்க?"

தேங்காய் வியாபாரத்தில் நூறு காய் என்று எண்ணிக் கொடுத்தால், அதற்கு மேல் நாலைந்து காயைச் சும்மா சேர்த்துப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்குப் பெயர் லாபக்காய். மோலில் லாபக்காய் கிடையாது, ஒரு அணு கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றேன். "நெம்பக் கறாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தீபாவளி கழிந்ததும் பிராக்டிகல் வகுப்பு ஆரம்பித்தேன். பரீட்சையில் பாதிப் பேரைக் கவிழ்ப்பது டைட்ரேஷன்தான். சொன்னால் சின்ன விஷயம். கீழே கூம்புக் குடுவையில் நிறமில்லாத கரைசல் இருக்கும். மேலே நீளமான பியூரெட்டில் கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற சொட்டின் நிறம் குடுவைக்குள் மறைந்துகொண்டே வரும். எந்தச் சொட்டில் நிறம் மறையாமல் லேசான ரோஸாக நின்றுவிடுகிறதோ, அந்தச் சொட்டோடு நிறுத்திவிட்டு அளவைப் படிக்க வேண்டும். அரை மில்லி கூடிப்போனாலும் விடை தப்பு, மார்க்கு போய்விடும்.

அன்று சரியான அளவு இருபது மில்லி. பிள்ளைகள் பத்தொன்பது, இருபத்திரண்டு என்று மனம்போன போக்கில் கொண்டுவந்தார்கள். கோழிப்பண்ணைக்காரன் முப்பத்தொன்று கொண்டுவந்தான். மருமகள் மூன்று முறை செய்தார். மூன்று முறையும் இருபது புள்ளி ஐந்து.

இது எனக்கு விளங்கவில்லை. கை நடுங்கிச் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். இவருக்கு ஒரு சொட்டுப் பிசகாமல் ஒரே அளவு வருகிறது, ஆனால் தப்பாக வருகிறது. பியூரெட்டை மாற்றினேன். புதிதாகக் கரைசல் தயாரித்தேன். அடுத்த வாரமும் அரை மில்லி அதிகம், அதற்கடுத்த வாரமும் அரை மில்லி அதிகம். அதே பியூரெட்டில் நான் செய்தால் சரியாக வருகிறது. பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று போனால், குழாயை மூடிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார்.

"நீங்க நிக்கறப்ப நாம்பாட்டுக்கு வேலை பாத்துட்டிருந்தா நல்லா இருக்காதுங்களே டீச்சர்."

"நான் நிக்கறதே நீங்க வேலை பாக்கறதைப் பாக்கத்தான் அம்மணி."

"பரவாயில்லீங்க, நீங்க போய் உக்காருங்க. நான் செஞ்சு கொண்டாரேன்."

போய் உட்காருவேன். இருபது புள்ளி ஐந்து வரும். குடுவையில் நிறம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் மற்ற முப்பது குடுவையும் திராட்சை ரசம் மாதிரி இருக்கிற இடத்தில் அது என் கண்ணில் படவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. பிராக்டிகல் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. காலையிலிருந்து எனக்குத் தலைவலி, தகரக் கூரை வேறு காய்கிறது. நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். இருபது புள்ளி ஐந்து, மூன்று தடவை. என் வாயிலிருந்து வந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு? எத்தனை தடவை சொல்றது? இது எண்ணெய் அளக்கற கை, இதுக்கு இதெல்லாம் வராது. பேசாம எண்ணெய்க்கடையிலயே உக்காந்திருக்கலாம்."

மருமகள் நோட்டை வாங்கி மூடினார். பியூரெட்டைக் கழுவினார். தலைகீழாகக் கவிழ்த்து ஸ்டாண்டில் மாட்டினார். மேஜையைத் துடைத்தார். "வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வாசலில் இரும்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் இஷ்டத்துக்குப் பேசினார்கள், எனக்குக் கத்தவே தோன்றவில்லை. ஒரு மனுஷி ஒன்பது வருஷம் மனதில் வைத்திருந்ததை நான் ஒரு நிமிஷத்தில் பொசுக்கிவிட்டேனே என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். "கத்தினது இங்க, போய் மன்னிப்புக் கேக்க வேண்டியது அங்க. பஸ் ஏறு" என்றார் என் வீட்டுக்காரர். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காங்கேயத்துக்குப் பஸ் ஏறினேன்.

மில்லைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை, வாசனையே கூட்டிக்கொண்டு போனது. முகப்பில் மருந்துக்கடையை ஒட்டி எண்ணெய்ச் சில்லறைக் கடை. கடையில் மருமகள் நின்று எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். முன்னால் ஏழெட்டுப் பேர் கையில் தூக்குப்போசியும் கேனுமாக வரிசையில் நின்றார்கள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "ஏனம்மணி, போசி கொண்டாராம எதுல வாங்குவீங்க?" என்று கேட்டார். நான் எண்ணெய்க்கு வரவில்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். லிட்டர் படியைத் தளும்பத் தளும்ப நிரப்புகிறார். புனலில் கவிழ்க்கிறார். கடைசிச் சொட்டு வடிகிறவரை பிடித்திருக்கிறார். பிறகு படியின் விளிம்பை மறுபடி எண்ணெயில் லேசாகத் தொட்டு, கொஞ்சம் எடுத்து, அதையும் ஊற்றுகிறார். அடுத்தவருக்கும் அப்படியே. கையில் சின்ன சீசா வைத்திருந்த பெண் குழந்தைக்கும் அப்படியே. கடைசியில் ஊற்றுகிற அந்தக் கொஞ்சம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்தது.

என் முறை வந்தது. என்னைப் பார்த்ததும் படியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது என்ன?" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவள், வாயில் இதுதான் வந்தது.

"எதுங்க?"

"அளந்து முடிச்சப்புறம் கொஞ்சம் ஊத்துனீங்களே, அது."

"அதுங்களா. எச்சுங்க, அளவுக்கு மேல குடுக்கறது. அளவோட வெடுக்குனு நிறுத்துனா நல்லா இருக்காதுங்களே. வாங்க வந்தவங்க மனசு சுருங்கிப் போகுமுங்க."

"பியூரெட்லயும் ஊத்தறீங்களா?"

இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார். "பின்னே ஊத்தாம எப்படீங்க? நெறம் மாறுன ஒடனே மூடிட்டா அந்தக் குடுவைக்கு நாம வஞ்சகம் பண்ணுன மாதிரி இருக்குமுங்க. அதுக்கொரு அரை மில்லி."

அங்கே கிடந்த காலி எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம். இரண்டு பியூரெட், எத்தனையோ பாட்டில் கரைசல், என் தொண்டை, எல்லாம் இதற்கா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இந்தக் கைக்கு அல்லவா இதெல்லாம் வராது என்று சொன்னேன். இப்படி அளக்கிற கை என் கொட்டகையில் வேறு யாருக்கும் இல்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் போசியைப் பிடித்தபடி எங்களையே பார்த்தார்கள்.

"ஐயோ, நீங்க போய் அப்படியெல்லாம்" என்று மருமகள் பதறும்போதே உள்ளேயிருந்து மாமியார் வந்தார். மருமகளைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எனக்கும் சேர்த்து.

"டீச்சர் ஒரு நாள் வஞ்சதுக்கு ஓடியாந்துட்டே. நான் தெனமும் வையறேன், எங்க ஓடுனே? ஒரு தடவை எழுதறதுன்னு பேச்சு. எழுதாம நின்னா அது பேச்சு மாறுனது. நாளைக்கு மொத பஸ்சு."

மறுநாள் வந்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது, இனி அஞ்சு நிமிஷ வேலை என்று நினைத்தேன். பழக்கம் அப்படி விடுமா? ரோஸ் நிறம் வந்ததும் மருமகளின் கை தானாகக் குழாயைத் திருப்பி அரை மில்லியை விட்டது. நான் ஒரு யோசனை சொன்னேன். "இப்படி நினைச்சுக்குங்க. நீங்க விக்கலை, வாங்கறீங்க. பியூரெட்டுதான் உங்களுக்கு ஊத்துது." சரிங்க என்றார். பத்தொன்பது புள்ளி ஐந்தில் மூடிவிட்டார்.

"இன்னும் நிறமே வரலையே, ஏன் நிறுத்தினீங்க?"

"குடுக்கறவங்க ஊத்திட்டே இருக்கறப்ப, போதுமுங்க போதுமுங்கன்னு நாமதானுங்க சொல்லோணும்."

நான் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அது தகரம். அப்போது வாசலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஆறு மாதத்தில் முதல்முறையாக மாமியார் உள்ளே வந்தார். பியூரெட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இது ஆரூட்டுதுங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இங்க என்னுது. பரீட்சையில கவர்மெண்டுது."

மருமகள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்க. இது உன்ற எண்ணெய் இல்ல. அடுத்தவங்க பொருளை எச்சா அள்ளிக் குடுக்க நீ ஆரு? கணக்குக் கேப்பாங்களா மாட்டாங்களா?"

மருமகளின் முகம் மாறியது. எந்தப் பாடத்துக்கும் அப்படி ஒரு தெளிவை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. புதிதாகக் கரைசல் எடுத்தார், குழாயைத் திறந்தார். பத்தொன்பதுக்கு மேல் ஒவ்வொரு சொட்டாக விட்டார். ரோஸ் நிறம் நின்றது, கையும் நின்றது. இருபது. மறுபடி இருபது. பிள்ளைகள் கைதட்டினார்கள், மாமியார் செருமவில்லை.

பிராக்டிகல் பரீட்சையன்று பள்ளிக்கூட வாசலில் நானும் மாமியாரும் வேப்பமரத்தடியில் நின்றோம். மூன்று மணி நேரம் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும். மருமகள் வெளியே வந்தார்.

"ஒரு சொட்டாச்சும் எச்சா உட்டியா?" என்றார் மாமியார்.

"இல்லீங்க அத்தை. கடைசிச் சொட்டுல பாதியத்தான் குடுத்தேன். மீதி நுனியிலயே நின்னுக்கிச்சு."

பாதிச் சொட்டில் நிறுத்துவது என் எம்.எஸ்ஸி. காலத்தில் எனக்கே வராத வித்தை. ஆனால் எழுத்துப் பரீட்சை பாக்கி இருந்தது. அதை மார்ச்சில் எழுதிவிட்டு வந்தவர் நன்றாக எழுதினேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோல் கணக்கு கேட்டிருந்தார்கள் என்று மட்டும் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கப் பயந்து விட்டுவிட்டேன்.

அப்போதெல்லாம் ரிசல்ட் பேப்பரில் வரும், தேறினவர்களின் நம்பர் மட்டும் வரிசை வரிசையாக. அது வந்த மத்தியானம் காந்திபுரத்தில் பேப்பர்க்காரரிடம் ஒரு ஜனக்கூட்டமே மோதியது. நானும் மோதி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். என் பிள்ளைகள் முப்பது பேரின் நம்பரைத் தேடவில்லை. கோழிப்பண்ணைக்காரன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். ஒரே ஒரு நம்பரைத்தான் தேடினேன். விரல் வைத்து வரி வரியாக இறங்கினேன். அந்த நம்பர் இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் இருந்தது.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து எண்ணெய்க்கடைக்குப் போன் போட்டேன். மருமகள்தான் எடுத்தார்.

"அம்மணி, பாஸ்."

அந்தப் பக்கம் எண்ணெய்ப் படியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நம்பரைப் படிங்க டீச்சர்" என்றார்.

படித்தேன்.

"ஒவ்வொண்ணாப் படிங்க."

ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்றைத் திருப்பிச் சொன்னார். பூத்துக்கு வெளியே நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். கடைசி எண்ணைச் சொல்லி முடித்ததும் மூச்சு வாங்குவது கேட்டது.

"அது நாந்தானுங்க" என்றார். பிறகு இன்னொரு தடவை, எனக்குச் சொல்லவில்லை, "அது நாந்தான்."

ரிசீவரை வைத்துவிடாமல் மேஜை மேல் போட்டுவிட்டார் போலிருக்கிறது. கடைச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்டது. யாரோ ஒருவர், "ஏனுங்க, எவ்வளவு நேரமா நிக்கறேன், ஒரு லிட்டர் எண்ணெய் ஊத்துங்க" என்றார். செருப்பு தேய்க்கிற சத்தம் வந்தது. அப்புறம் மாமியாரின் குரல்.

"அவ இனிமே வரமாட்டாளுங்க, காலேஜுக்குப் போறா. கேனை இங்க குடுங்க, நான் ஊத்தறேன்."